தலைக்கு மேலே தொங்கிய பலகை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தம்பி போன மாதம் போன் பண்ணி, "அண்ணே, நீங்க தனியாவே இந்தி படிச்சீங்களாமே, அதைப் பத்திக் கொஞ்சம் பேசுங்க, பசங்களுக்குப் பயன்படும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பண்டிதன் இல்லை. இன்றைக்கும் பேசும்போது நாற்காலியை ஆணாக்கி விடுகிற ஆள். ஆனால் ஒன்று சொல்லலாம். ஆசிரியர் இல்லாமல், வகுப்பு இல்லாமல், பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் ஒரு மலை மேல் உட்கார்ந்து ஒரு பாஷையின் முதல் படியில் எத்தனை முறை வழுக்கி விழலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

நான் இந்தக் கல்லூரியை விட்டது 1981இல். அதே வருஷம்தான் "இன்று போய் நாளை வா" படம் வந்தது. அதில் இந்தி பண்டிட் பாடம் நடத்த, "ரஹ்தா தா" என்பது மாணவர் வாயில் "ரகு தாத்தா" ஆகுமே, அதைப் பார்த்துத் தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஏழு வருஷம் கழித்து நானே அந்த மாணவனாக உட்காரப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

படிப்பு முடிந்து தபால் இலாகாவில் வேலை கிடைத்தது. 1985இல் ஜவ்வாது மலைக்கு மாற்றினார்கள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் பஸ் ஏறி, வளைந்து வளைந்து மேலே போனால் காற்று மாறும், மரம் மாறும், பேச்சும் கொஞ்சம் மாறும். சாமை, தேன், புளி, பலா என்று வாழ்கிற மக்கள். அவர்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்து மலையாளி அல்ல. மலையை ஆள்பவர் என்ற பொருளில் சொல்கிற மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று தங்கள் பூர்வீகம் சொல்வார்கள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மழை பொய்த்த வருஷங்களில் மலையிலிருந்து வாலிபர்கள் வெளியே போவார்கள். கேரளா, கர்நாடகா எஸ்டேட் வேலைக்குப் போவோர் ஒரு பக்கம். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளில் ஏறி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று போனவர்கள் இன்னொரு பக்கம். அவர்கள் அனுப்பும் மணியார்டர்தான் எங்கள் ஆபீசின் திருவிழா. மணியார்டர் பாரத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் இருக்கும். அதைப் படித்துக் காட்டும் வரை அம்மாக்கள் பணத்தை எண்ண மாட்டார்கள்.

1988, புரட்டாசி மாசம். ஓர் இன்லேண்ட் லெட்டர் வந்தது. விலாசம் முழுக்க இந்தியில். வழியில் யாரோ ஒரு சார்ட்டர் புண்ணியவான் சிவப்பு மையில் ஊர்ப் பெயரை இங்கிலீஷில் எழுதியிருந்தார். அடியில் ஆறு இலக்கம் தெளிவாக இருந்தது. 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்ததே, அதன் அருமை எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. ஒரு எழுத்துக்கூடப் படிக்க முடியாத நாட்டுக்குள் ஒரு கடிதத்தை இழுத்து வந்து சேர்த்தது அந்த ஆறு எண்.

கடிதத்துக்குரிய அம்மா வந்தார். பிரித்துக் கொடுத்தார். "இன்னா சார் எழுதியிருக்குது?" என்றார்.

நான் பார்த்தேன். மேலே ஒரு கோடு, அதில் துணி காயப்போட்ட மாதிரி எழுத்துக்கள். மூன்று வருஷமாக என் தலைக்கு மேலே தொங்கிய பலகையில் இருந்ததும் அதே எழுத்துத்தான். நான் தினமும் முத்திரை குத்திய பாரங்களில் இருந்ததும் அதே எழுத்துத்தான். ஒன்றுகூடத் தெரியவில்லை. "தெரியலம்மா, படிச்சவங்க கிட்டக் காட்டிக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பி.ஏ. படித்த ஆபீசர் சாருக்கே தெரியாத எழுத்தா என்ற ஆச்சரியம்தான் அதில் இருந்தது, குறை இல்லை. அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது.

பஸ் டிரைவரிடம் கொடுத்து, போளூரில் ஒருவரிடம் போய், அவர் ஊரில் இல்லாமல், வேறொருவரைத் தேடி, தமிழில் எழுதி வாங்கி, கடிதம் திரும்ப மேலே வந்தபோது ஆறாவது நாள். விஷயம் இதுதான்: பையன் ரிக் மேலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து ராய்ப்பூரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கூட வந்த வண்டி வேறு ஊருக்குப் போய்விட்டது. வீட்டிலிருந்து யாராவது உடனே வர வேண்டும்.

போனார்கள். பையன் பிழைத்தான். ஆனால் ஒரு கால் குட்டையாகிவிட்டது. அந்த ஆறு நாளால்தான் அப்படி ஆயிற்றா என்று கேட்டால், அது டாக்டர் சொல்ல வேண்டியது, நான் சொல்லக்கூடாது. ஆனால் ஊருக்கு வந்த பிறகு அவன் என்னிடம் சொன்னது இது: "மலையாளின்னு சொன்னேன் சார். கேரளா நர்ஸைக் கூட்டியாந்துட்டாங்க. அந்த அம்மா பேசுனது பாதி புரிஞ்சுது, பாதி புரியல. அந்த அம்மாதான் வார்டு ஆளை விட்டு லெட்டர் எழுதச் சொன்னது. சட்டைப் பையில இருந்த மணியார்டர் ரசீதைப் பாத்து நம்பர் எழுதுனாங்க. அப்புறம் தினமும் வாசலையே பாத்துட்டு இருந்தேன்."

அந்த வாரமே திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு கடையில் "முப்பது நாளில் இந்தி" ரகத்துப் புத்தகம் ஒன்று வாங்கினேன்.

நண்பர்களே, இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தொடாமல் போனால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன். நம் மண்ணில் இந்தி என்ற சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1937இல் தொடங்கி 1940 வரை நடந்த போராட்டம், சிறையில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும், 1965இல் வீதிக்கு வந்த மாணவர்கள், 1968இல் சட்டசபை ஏற்ற இருமொழிக் கொள்கை, எல்லாம் நமக்குத் தெரியும். அன்று தார் டின்னோடு போன மூத்தவர் ஒருவரிடம், புத்தகம் வாங்கிய குற்ற உணர்ச்சியோடு போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, என் தலையில ஒருத்தன் மூட்டையை ஏத்தி வெச்சா தள்ளிவிடுவேன். ஒரு அம்மாவுக்காக நீயா ஒரு மூட்டையைத் தூக்கினா ஒரு கை பிடிப்பேன். ரெண்டும் வேற வேற" என்றார். அதற்கு மேல் எனக்கு அந்த விவாதத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, படிப்புக்கு வருவோம்.

முப்பது நாள் முடிந்தது. புத்தகத்தையும் முடித்தேன். ஒன்றும் வரவில்லை! ஏன் தெரியுமா? புத்தகத்தில் இந்தி எழுத்துக்குப் பக்கத்திலேயே தமிழில் உச்சரிப்பு போட்டிருக்கும். என் கண் கள்ளத்தனமாகத் தமிழ் பக்கமே போகும். ஒரு உதாரணம். "கானா" என்று தமிழில் எழுதுங்கள். இந்தியில் அது ஒற்றைக் கண்ணனாகவும் இருக்கலாம், சாப்பாடாகவும் இருக்கலாம், பாட்டாகவும் இருக்கலாம். நமக்கு ஒரே "க". அவர்களுக்கு நாலு "க". நான் சாப்பாடு வேண்டும் என்று கேட்டால் கேட்பவன் பாடத் தொடங்கி விடுவான்!

ஆகவே இரண்டாவது மாசம் முதல் காரியமாக, புத்தகத்தில் இருந்த தமிழ் உச்சரிப்பை எல்லாம் பேனாவால் அடித்தேன். மறுபடி அ, ஆவிலிருந்து தொடங்கினேன். இந்தியில் உயிர் 11, மெய் 33. பயப்பட வேண்டாம். மெய்யில் முதல் 25 எழுத்தும் ஐந்துக்கு ஐந்து கட்டம். க, ச, ட, த, ப என்று நம் வல்லின வரிசைதான். ஒவ்வொரு வரிசையிலும் நாலு ஓசை, கடைசியில் நம் ங, ஞ, ண, ந, ம. நாம் "காகம்" என்று சொல்லும்போது முதல் "க" வேறு, இரண்டாவது "க" வேறு ஓசை. நம் வாய்க்கு இரண்டும் வரும், எழுத்துத்தான் ஒன்று. புதிதாகக் கற்க வேண்டியது மூச்சு விட்டுச் சொல்லும் எழுத்துக்கள் மட்டுமே.

அதற்கு எனக்குக் கிடைத்த வாத்தியார், சிம்னி விளக்கு. மலையில் ராத்திரி கரண்ட் போவது சகஜம். விளக்கை முகத்துக்கு எதிரே வைத்துக்கொள்வேன். மூச்செழுத்தைச் சரியாகச் சொன்னால் சுடர் ஆடும். சாதா எழுத்தைச் சொன்னால் ஆடக்கூடாது. "சாப்பாடு" என்று சொன்னால் ஆட வேண்டும்; "ஒற்றைக் கண்ணன்" என்று சொன்னால் நிற்க வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு பெரியவர், "சாருக்கு ஏதோ காத்து கருப்பு, விளக்கைப் பாத்து தனியாப் பேசறார்" என்று ஊரில் சொல்லிவிட்டார்.

முதல் வெற்றி எது என்று கேட்பீர்கள். ஒரு நாள் காலை ஆபீசைத் திறக்கிறேன். தலைக்கு மேலே இருந்த பலகை என்னைப் பார்த்து "டாக்கர்" என்றது. டாக் என்றால் தபால், கர் என்றால் வீடு. தபால் வீடு. நான் மூன்று வருஷமாக வேலை பார்க்கும் இடத்தின் பெயர்! அங்கேயே நின்று சத்தமாகச் சிரித்தேன். காத்து கருப்பு என்பது ஊருக்கு உறுதியாகிவிட்டது.

அடுத்து இலக்கணம். இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டும். தமிழனுக்கு இந்தியில் பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது. இங்கிலீஷ் போல வினையை நடுவில் செருக வேண்டாம். நம்மைப் போலவே கடைசியில் வரும். "மேஜை மேல்" என்று நாம் சொல்வது போலவே "மேஜ் பர்" என்பார்கள், "மேல்" பின்னால்தான். "எனக்குப் பசிக்கிறது" என்கிறோமே, "நான் பசிக்கிறேன்" என்பதில்லையே, அதே மாதிரி "முஜே பூக் லகீ ஹை". எனக்குத் தெரியும் என்பதற்கு "முஜே மாலூம் ஹை". "போய் விட்டான்", "செய்து கொடு" என்று இரண்டு வினையைச் சேர்த்துப் பேசும் பழக்கமும் அங்கே உண்டு. ஆகவே மனசுக்குள் இங்கிலீஷுக்குப் போய்த் திரும்பாதீர்கள். தமிழிலிருந்து நேரே போங்கள். பாதி தூரம் மிச்சம்.

மீதிப் பாதியில்தான் பள்ளம். அந்தப் பள்ளத்தின் பெயர் ஆண்பால், பெண்பால். அஃறிணை என்ற சௌகரியம் அங்கே கிடையாது. நாற்காலி பெண், வீடு ஆண், புத்தகம் பெண், பால் ஆண், டீ பெண். "ஈ"யில் முடிந்தால் பெண் என்று புத்தகம் சொல்லும். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் "பானீ", தண்ணீர், ஆண் என்று வந்து நிற்கும். தபால்காரன் எனக்கு வந்த சோதனையைக் கேளுங்கள்: "சிட்டீ" என்றாலும் கடிதம், "பத்ர்" என்றாலும் கடிதம். முன்னது பெண், பின்னது ஆண்!

இதற்கு நான் கண்ட மருந்து ஒன்றுதான். சொல்லைத் தனியாக மனப்பாடம் பண்ணக்கூடாது. "என்" சேர்த்தே படிக்க வேண்டும். மேரீ கிதாப், மேரா கர், மேரீ சிட்டீ, மேரா பத்ர். நோட்டில் பெண்பால் சொல்லைச் சிவப்பிலும் ஆண்பால் சொல்லை நீலத்திலும் எழுதினேன். நாளைக்குப் பத்துச் சொல். அதற்கு மேல் ஒன்றுகூட எழுதமாட்டேன். இருபது எழுதிய நாட்களில் மறுநாள் நாலுதான் ஞாபகம் இருந்தது.

இன்னொரு பள்ளம் "நே". நான் ரொட்டி தின்றேன் என்றால் நம் வினை எனக்குக் கட்டுப்படும். அங்கே "மைனே ரோட்டீ காயீ". ரொட்டி பெண் என்பதால் வினையும் பெண்ணாகிவிட்டது. மாம்பழம் தின்றால் "மைனே ஆம் காயா". தின்றவன் நான், வினை தின்னப்பட்டதற்குத் தலையாட்டுகிறது! இந்த அநியாயத்தை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது.

எண்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் மணியார்டர் ஆபீசில் வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று நமக்குப் படிக்கட்டு மாதிரி போகும். இந்தியில் நூறு வரைக்கும் கிட்டத்தட்ட ஒவ்வொன்றையும் தனியாகப் படிக்க வேண்டும். 29, 39, 49 என்று "உன்" போட்டு ஒன்று குறைத்துச் சொல்வார்கள். சரி, பிடித்துவிட்டோம் என்று நினைத்தால் 89 வந்து "நவாஸீ" என்று காலை வாரிவிடும்.

பிறகு, நண்பன் மாதிரி வந்து ஏமாற்றும் சொற்கள். நம் கச்சேரிகளில் புழங்கும் வக்கீல், வசூல், ரசீது, அசல், நகல், பாக்கி எல்லாம் அங்கேயும் உண்டு, தைரியமாகப் பேசலாம். ஆனால் "கல்யாண்" என்றால் நலம், திருமணம் அல்ல. "சிக்ஷா" என்றால் கல்வி. நமக்கு அது தண்டனை. (கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்!) "அவசர்" என்றால் வாய்ப்பு. "சவால்" என்றால் கேள்வி. "உபன்யாஸ்" என்றால் நாவல். ஒரே வீட்டுச் சாமானைப் பங்கு போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு விதமாகப் பயன்படுத்துகிற அண்ணன் தம்பி மாதிரி.

இவற்றையெல்லாம் விட விசித்திரமானது "கல்". நேற்று என்றாலும் கல், நாளை என்றாலும் கல். "பர்ஸோ" என்றால் முந்தாநாளும்தான், நாளை மறுநாளும்தான். எது என்று எப்படித் தெரியும்? வினையைப் பார்த்துத்தான் தெரியும். ஆகவே அவசரப்படாமல் வாக்கியத்தின் கடைசி வரை காத்திருக்க வேண்டும். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காதுக்கு என்ன செய்தேன்? ரேடியோதான். மாலையில் ஆகாசவாணி தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணஸ்வாமி அவர்களின் கணீர்க் குரலில் அன்றைய சங்கதி எல்லாம் தெரிந்துவிடும். ராத்திரி அதே சங்கதி இந்திச் செய்தியில் வரும். பொருள் முன்கூட்டியே தெரிந்திருப்பதால் காது சொல்லைத் தேடிப் பிடிக்கும். முதல் மாதம் ஊர்ப் பெயர்களும் "பிரதான் மந்த்ரீ"யும் மட்டும். ஆறேழு மாதத்தில் இன்ன இடத்தில் வெள்ளம், இன்னார் போனார் வந்தார் என்ற அளவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கினால் தூர்தர்ஷனில் மகாபாரதம். அதனால் ஒரு விபரீதமும் நடந்தது. ஒரு நாள் போளூரில் வடநாட்டு லாரி டிரைவர் ஒருவரிடம் என் இந்தியை முதன்முதலாக வெளியே விட்டேன். அவர் அப்பாவைப் பற்றிக் கேட்க நினைத்து "ஆப்கே பிதாஶ்ரீ" என்று தொடங்கினேன். பீஷ்மர் இறங்கி வந்து பேசுகிறார் என்று அந்த சர்தார்ஜி வண்டியில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். பிறகு டீ வாங்கிக் கொடுத்து, சாதாரண மனுஷர் எப்படிப் பேசுவார்கள் என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தார். கட்டணம் வாங்காத முதல் ஆசிரியர்.

எந்த இடத்தில் நிற்கிறோம் என்று அளக்க ஒரு கோல் வேண்டுமே. 1918இல் காந்தியடிகள் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் தேர்வுகள் தனியாகப் படிப்பவனுக்கு நல்ல படிக்கட்டு. பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேஷிகா என்று மேலே போகும். பிராத்மிக் எழுதப் போனேன். எனக்கு 28 வயது. ஹாலில் எல்லாம் ஒன்பது, பத்து வயசுப் பிள்ளைகள். நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று "குட்மார்னிங் சார்" என்றார்கள். நான் போய் அவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். பக்கத்துப் பெண் குழந்தை, "அங்கிள், நீங்க பெயிலாயிட்டீங்களா?" என்று அன்போடு கேட்டது. மூன்று தேர்வு வரை தேறினேன். நாலாவதில் "நே" என்னைக் கவிழ்த்தது. மறுபடி எழுதித் தேறினேன்.

நடுவில் ஒரு தேக்கம் வந்ததையும் சொல்ல வேண்டும். நாலாவது, ஐந்தாவது மாதம். படிக்கிறேன், படிக்கிறேன், ஒரு அங்குலம் நகரவில்லை. விட்டுவிடலாம் என்று இருந்தது. அப்போது நோட்டின் பின் அட்டையில், எத்தனை பக்கம் படித்தேன் என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, இந்த வாரம் என்ன செய்ய முடிந்தது என்று எழுதத் தொடங்கினேன். "பலகை படித்தேன். மணியார்டர் பாரத்தின் இந்திப் பகுதி முழுக்கப் படித்தேன். ஒரு செய்தி புரிந்தது. காவலூர் வானாய்வகத்திலிருந்து மலை சுற்றிப் பார்க்க வந்த வடநாட்டு ஆய்வு மாணவரிடம் வழி சொன்னேன், அவர் சரியான வழியில் போனார்." இப்படி. வாரத்துக்கு ஒரு வரி போதும். அந்த வரிகள்தான் என்னைத் தூக்கி நிறுத்தின.

இப்போது 1991க்கு வருகிறேன். வேறொரு பையன். மறுபடி ரிக் வண்டி. இந்த முறை நாகபுரியிலிருந்து ஓர் ஆஸ்பத்திரித் தாளில் கடிதம். அவன் அப்பா கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அங்கேயே, ஆபீஸ் படியில் உட்கார்ந்து படித்தேன். கால் மணி நேரம். இரண்டு சொல் தெரியவில்லை. ஆனால் விஷயம் தெரிந்தது. தாளின் தலைப்பில் போன் நம்பர் இருந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போளூர் இறங்கி எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தேன். மீட்டர் ஓடுகிறது. என் நெஞ்சு அதைவிட வேகமாக ஓடுகிறது.

லைனில் ஒரே இரைச்சல். வார்டுக்குப் போட்டார்கள். ஒரு பெண் குரல் படபடவென்று பேசியது. எனக்குக் கேட்டது இரண்டே சொல்: "கல் ஆபரேஷன்".

நேற்றா, நாளையா? பின்னால் வந்த வினை இரைச்சலில் போய்விட்டது. பக்கத்தில் அப்பா என் முகத்தையே பார்க்கிறார். மூச்சை இழுத்துப் பிடித்துக் கேட்டேன்: "பஹன்ஜீ, ஹோ கயா, யா ஹோகா?" ஆகிவிட்டதா, ஆகப் போகிறதா?

"ஹோகா, ஹோகா" என்றார். நாளைக்குத்தான். வீட்டார் கையெழுத்து வேண்டும். யாரும் வராததால் என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். "அப்பா இன்றைக்கே கிளம்புகிறார், பர்ஸோ காலைக்குள் வந்துவிடுவார், ஒரு நாள் பொறுக்க முடியுமா" என்று நான் அறிந்த இந்தியில் கேட்டேன். பால் எல்லாம் தப்பு. அப்பாவைப் பெண்ணாக்கிவிட்டேன் என்று இப்போதும் சந்தேகம். அவர் யாரையோ கேட்டு வந்து, "டீக் ஹை, ஆ ஜாயியே" என்றார்.

அன்று ராத்திரியே மெட்ராஸில் ரயில் ஏறினார் அப்பா. சட்டைப் பையில் நான் இந்தியில் எழுதிக் கொடுத்த சீட்டு. மகன் பெயர், ஆஸ்பத்திரி பெயர், வார்டு எண், "நான் தமிழ் பேசும் மலைவாசி, எனக்கு வழி காட்டுங்கள்" என்ற ஒரு வரி. மலையாளி என்று எழுதவில்லை! பையன் இரண்டு காலால் நடந்து ஊருக்கு வந்தான். இன்றைக்கு அவன் பேரப்பிள்ளை எடுத்துவிட்டான்.

அவன் வந்து நின்ற அன்றைக்கு முதல் பையனும் வந்திருந்தான், காலைச் சாய்த்துச் சாய்த்து. இருவருக்கும் டீ சொன்னேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவன்தான், "நல்லாப் படிச்சிட்டீங்க சார்" என்றான். என் சான்றிதழ்களில் பெரியது அதுதான். சுமப்பதற்குக் கனமானதும் அதுதான்.

காலம் திரும்பிவிட்டது. தந்தி 2013 ஜூலையோடு நின்றது. கடிதத்தின் இடத்தில் செல்போன் வந்தது. இப்போது வடக்கிலிருந்து இங்கே வருகிறார்கள். 2020இல் ஊரடங்கு போட்டபோது கீழே ஒரு கட்டட வேலையில் சிக்கிய பீகார் பிள்ளைகளுக்கு ரயிலுக்குப் பேர் கொடுக்க பாரம் நிரப்பிக் கொடுத்தேன். அதில் ஒருவன் ஒரு நோட்டு வைத்திருந்தான். திறந்து காட்டினான். தமிழ்ச் சொற்களை இந்தி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான்! தண்ணி, சாப்பாடு, சம்பளம், வலிக்குது, ஊருக்குப் போகணும். பக்கத்தில் அர்த்தம். "புலி", "புளி" இரண்டையும் ஒரே மாதிரி எழுதி, இரண்டு கேள்விக்குறி போட்டிருந்தான். கடையில் போய்ப் புலி வேண்டும் என்று கேட்டிருக்கிறான் போலிருக்கிறது.

1988இல் சிம்னி விளக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனை அந்த நோட்டில் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று காட்டினேன். ல, ள, ழ. "இந்தி எழுத்தில் எழுதாதே தம்பி, தமிழ் எழுத்தையே படி" என்றேன். நான் இரண்டு மாதம் வீணாக்கிக் கற்ற பாடத்தை அவனுக்கு இரண்டு நிமிஷத்தில் கொடுத்தேன். ரயில் ஏறும்போது "வாழ்க" என்றான். "ழ" முக்கால்வாசி வந்துவிட்டது.

மாணவச் செல்வங்களே, எந்த பாஷை வேண்டுமானாலும் படியுங்கள். இந்திதான் என்று நான் சொல்லவில்லை. தெலுங்கோ, கன்னடமோ, ஜப்பான் பாஷையோ, உங்கள் மனசு. இன்றைக்குக் கைக்குள்ளேயே வாத்தியார் இருக்கிறார். எங்களுக்கு இல்லாத வசதி. ஆனால் யாருக்காகப் படிக்கிறோம் என்று ஒரு முகம் மனசில் இருக்கட்டும். முப்பது நாளில் வராது. நாளைக்குப் பத்துச் சொல், வாரத்துக்கு ஒரு வரி, தப்பாகப் பேச வெட்கப்படாத வாய், வாக்கியத்தின் கடைசி வரை காத்திருக்கும் காது. இவ்வளவுதான் மூலதனம்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஏதாவது ஒரு தபாலாபீஸ் வாசலில் ஒரு நிமிஷம் நின்று பலகையைப் பாருங்கள். நான் படிக்காமல் விட்ட மூன்று வருஷத்தை எனக்காக ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு தயாராக இருக்கிறதாம். இந்தியில் சொன்னால் விளக்குச் சுடர் ஆட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.